நீலக் கிரீஸ்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் தூண்டில் சங்கத்தின் கொட்டகைக்குள் நுழையும் பேருந்து ஓட்டுநர், எடுத்த எடுப்பில் உட்கார்ந்துவிடமாட்டார். தோளில் தொங்கும் துணிப்பையை மேசைமேல் வைப்பார். அதிலிருந்து, தூண்டில் நரம்பைச் சுற்றிவைக்கும் ஒரு புது ரீலை, தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோல இரு கையாலும் எடுப்பார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். ரீலைக் காதோரம் வைத்து, கண்ணை மூடி, கைப்பிடியை மூன்று சுற்றுச் சுற்றுவார். கொட்டகையில் இருக்கும் பதினொரு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்ப்பார்கள். கடைசியில் அவர் "ம்" என்பார். அந்த ஓர் ஒலி வந்துவிட்டால் ரீல் தேறிவிட்டது என்று பொருள். உரியவர் எழுந்து வந்து வாங்கிக்கொள்வார்.

நான்கு ஆண்டுகளாக இந்த வழக்கம் பிசகியதில்லை. கடையில் வாங்கிய புது ரீலை அப்படியே தண்ணீரோரம் கொண்டுபோகிறவர் அந்தச் சங்கத்தில் இப்போது ஒருவரும் இல்லை. தொழிற்சாலையில் ஓரிடத்தில் கிரீஸை அள்ளி அப்பியிருப்பார்கள். இன்னோரிடத்தில் கண்ணிலேயே காட்டியிருக்கமாட்டார்கள். ஆகவே புது ரீலைப் பிரித்து, பழைய கிரீஸைக் கழுவி, அளவறிந்து எண்ணெயும் கிரீஸும் இட்டு, பல்சக்கரங்கள் உரசாமல் சரிபார்த்த பிறகுதான் அதில் நரம்பு சுற்ற வேண்டும். இவ்வளவையும் ஓட்டுநர்தான் சங்கத்துக்கு எடுத்துச் சொன்னவர். யார் ரீல் வாங்கினாலும் பெட்டியோடு அவரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். அடுத்த ஞாயிறு அது பட்டுப்போல ஓடிக்கொண்டு திரும்பி வரும். கைராசிக்காரர் என்று அவருக்குப் பெயர்.

இதில் ஒரே ஒரு சங்கடம் இருந்தது. இந்த நான்கு ஆண்டுகளில் ஓட்டுநர் ஒரு ரீலின் ஒரு திருகைக்கூடக் கழற்றியதில்லை.

கழற்றியவர் அவருடைய மனைவி. அந்த அம்மாள் மருத்துவமனையில் கருவியறைப் பொறுப்பாளர். அறுவை சிகிச்சை முடிந்து வரும் கத்தரிகளையும் இடுக்கிகளையும் கழுவி, உலர்த்தி, மூட்டுகளில் எண்ணெயிட்டு, எண்ணி அடுக்கி அனுப்புவதே இருபது ஆண்டுகளாக அவர் வேலை. கணவர் வாங்கிவந்த முதல் ரீலை ஒருநாள் கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது ஏங்க இப்படி நறநறங்குது?" என்று கேட்டார். அன்று மதியமே அதைப் பிரித்துவிட்டார். அந்த ரீல் சங்கத்துக்குப் போனபோது, "அடேயப்பா, யார் கை வேலை இது? உங்க கையா?" என்று ஒருவர் கேட்டார். ஓட்டுநர் சிரித்தார். சிரிப்பை அவர்கள் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார்கள். மறுக்க வேண்டிய நேரம் ஒரு நிமிடம்தான் இருந்தது, அது போய்விட்டது. பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மறுப்பது முந்தைய ஞாயிற்றைவிடக் கடினமாகிக்கொண்டே வந்தது. பெருமையோ நாளுக்கு நாள் இனித்துக்கொண்டே வந்தது.

சங்கத்தின் செயலாளர் எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதிவைக்கும் மனிதர். நில அளவைத் துறையில் இருந்தவர். மீனைக்கூட நீளம், சுற்றளவு இரண்டும் அளந்த பிறகே மீன் என்று ஒப்புக்கொள்வார். அவர் ஒரு ஞாயிறு தம் புது ரீலைப் பெட்டியோடு மேசையில் வைத்துவிட்டு, ஓட்டுநர் கையை நீட்டியதும் பெட்டியைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இதை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். அடுத்த வாரம் இங்கேயே, எங்க கண்ணு முன்னால பிரிச்சுக் காட்டுங்க. நான் ஒவ்வொண்ணா எழுதிக்கறேன். நாளைக்கு உங்களுக்கு ஒரு காய்ச்சல் தலைவலின்னா நாங்க எங்க போறது?"

"எனக்குக் காய்ச்சலே வராதுங்க" என்றார் ஓட்டுநர்.

"வரட்டும் வராம போகட்டும். நீங்க சொல்லிக் கொடுக்கறீங்க."

சங்கத்திலேயே உயரமானவர் முடிதிருத்துபவர். எல்லாரும் அவரை நெட்டை என்றே அழைப்பார்கள். "ஐயா, வித்தையை மறைச்சா அடுத்த பிறவியில மண்புழுவாப் பொறந்து நம்ம தூண்டில்லயே வந்து மாட்டுவீங்க" என்று அவர் சொல்ல, கொட்டகை முழுதும் சிரித்தது. ஓட்டுநரும் சிரித்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன் சிரித்த அதே சிரிப்புத்தான்.

அந்த வாரம் கவனம் தப்பி அவர் பேருந்து இரண்டு முறை நிறுத்தத்தில் நிற்காமலே போனது.

சனிக்கிழமை மதியம் அம்மாள் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் வெள்ளைத் தட்டை வைத்து, சங்கத்தில் ஒருவரான தபால்காரரின் புது ரீலைப் பிரிக்க உட்கார்ந்தார். ஓட்டுநர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பேருந்து நேர அட்டவணை ஒன்றின் வெற்றுப் பின்புறமும் ஒரு பென்சிலும் மேசைக்கடியில் அவர் மடியில் இருந்தன.

"என்னங்க, அதிசயமா இருக்கு? இந்நேரம் குறட்டை விட்டுட்டு இருப்பீங்களே."

"சும்மாதான். நீ என்ன பண்றேன்னு ஒரு நாளாவது பார்க்க வேண்டாமா?"

"பார்க்கலாமே. நாலு வருஷம்தானே ஆகுது."

அம்மாள் திருகுகளையும் பாகங்களையும் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக அடுக்கினார். முதலில் எண்ணினார். இருபத்திரண்டு. முடிக்கும்போதும் இருபத்திரண்டு உள்ளே போயிருக்க வேண்டும்; தட்டில் ஒன்று மிஞ்சினால் நோயாளியின் வயிற்றில் கத்தரியை விட்டுத் தைத்ததற்குச் சமம் என்பது அவர் கணக்கு. பல்சக்கரங்களைச் சிறு கிண்ணத்து மண்ணெண்ணெயில் நனைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். வெள்ளையாக, கட்டி கட்டியாகத் தொழிற்சாலைக் கிரீஸ் கழன்று மிதந்தது.

"இப்ப பல்லுக்குப் பல்லு நம்ம கிரீஸ்." அம்மாள் ஒரு சிறு டப்பாவைத் திறந்தார். உள்ளே பேனா மை நிறத்தில் நீலக் கிரீஸ் இருந்தது. மருத்துவமனைக்குக் கருவி கொண்டுவரும் ஆள் மூலம் வரவழைத்தது. "பல்லு விளக்கற மாதிரி மெல்லிசாத் தேய்க்கணும். தரை மெழுகற மாதிரி இல்லை."

மேசைக்கடியில் பென்சில் ஓடியது.

"குண்டு பேரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய். ரெண்டாவது சொட்டு ஆசைக்கு. அது வேண்டாம். இது பிரேக் வில்லை. மீன் வேகமா இழுத்தா நரம்பு அறுந்துடாம இதுதான் வழுக்கிக் கொடுக்கும். அப்புறம் இந்த வாஷரைப் பாருங்க, வெங்காயத் தோல் மாதிரி. பல்சக்கரம் ரெண்டும் ரொம்ப ஒட்டினா உரசும், விலகினா ஆடும். இதுல ஒண்ணைச் சேர்த்தோ எடுத்தோதான் சரி பண்ணணும்."

"இவ்வளவுதானா?"

"கடைசியா இந்த ஒருவழி பேரிங். கைப்பிடி முன்னால சுத்தும், பின்னால சுத்தாது பாருங்க. அதைப் பிடிச்சு நிறுத்தறது இதுக்குள்ள இருக்கற குட்டிக் குட்டி உருளைங்கதான். இதுல மட்டும்..."

"தெரியும், தெரியும். எல்லாப் பேரிங்கும் பேரிங்தானே. இருபத்தஞ்சு வருஷமா வண்டி ஓட்டறவனுக்குப் பேரிங் பத்திப் பாடமா?"

அம்மாள் ஒரு கணம் அவரை நிமிர்ந்து பார்த்தார். சொல்ல வந்ததை வாய்க்குள்ளேயே மடித்து வைத்துக்கொண்டார்.

"ஒரு கதை சொல்லட்டுமா?"

"இப்பவா?"

"கைதானே வேலை பார்க்குது. வாய் சும்மாதானே இருக்கு. ஒரு காட்டுல ஒரு குரங்கு. தூக்கணாங்குருவி கட்டின கூடு ஒண்ணு கீழே விழுந்து கிடந்துச்சாம். குரங்கு அதை எடுத்துத் தலையில கவுத்துக்கிச்சு. நல்ல தொப்பி. நரி பார்த்துட்டு, 'யாரு பின்னினது? நீயா?'ன்னு கேட்டுச்சு. குரங்கு பல்லைக் காட்டிச்சு. உடனே நரி ஒண்ணு கேட்டுச்சு, முயல் ஒண்ணு கேட்டுச்சு, கரடி ஒண்ணு கேட்டுச்சு. குரங்கு எல்லாருக்கும் அளவு எடுத்துட்டு வரும். குருவி பின்னிக் கொடுக்கும். ஒரு நாள் யானை வந்து, 'எனக்குப் பின்னற தொப்பியை என் முன்னாலயே உட்கார்ந்து பின்னு'ன்னு சொல்லிடுச்சு."

ஓட்டுநரின் பென்சில் நின்றது. "அப்புறம்?"

"அப்புறம் என்ன. குரங்கு இப்ப யானைக்கு அளவு எடுத்துட்டு இருக்கு." அம்மாள் கடைசித் திருகை முடுக்கி, கைப்பிடியை ஒருமுறை சுற்றிவிட்டு, உலர்ந்த துணிகளை எடுக்க மாடிக்குப் போய்விட்டார்.

கதை வெறும் கதைதான் என்று ஓட்டுநர் தமக்குத் தாமே மூன்று முறை சொல்லிக்கொண்டார். பிறகு நீலக் கிரீஸ் டப்பாவை எடுத்துத் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாள் கொட்டகையில் மேசை நடுவில் இழுத்துப் போடப்பட்டிருந்தது. பதினொரு பேரும் சுற்றி நின்றார்கள். செயலாளரின் ரீலை விற்ற கடைக்காரரும் வந்திருந்தார். அதிகம் பேசாத மனிதர்; ரொட்டிக் கடையை அடுத்த சின்னக் கடையில் தூண்டில் சாமான்களும் புழுக்களும் விற்கிறவர். தம் கடைச் சரக்குக்கு இப்படியொரு மரியாதை நடப்பதைப் பார்க்க, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து ஓரமாக நின்றார்.

ஓட்டுநர் திருப்புளியைக் கையில் எடுத்ததும் தயக்கம் போய்விட்டது. உண்மையைச் சொன்னால், நன்றாகவே செய்தார். "முதல்ல எண்ணணும்" என்றார், செயலாளர் எழுதினார். "பல்லு விளக்கற மாதிரி, தரை மெழுகற மாதிரி இல்லை" என்றார். செயலாளர் அதற்கு அடிக்கோடிட்டார். "ரெண்டாவது சொட்டு ஆசைக்கு" என்றபோது நெட்டைகூடக் கேலியை மறந்து தலையாட்டினார். தம் வாயிலிருந்து வருவது யாருடைய பேச்சு என்பதையே ஓட்டுநர் மறந்துபோனார். அந்த மகிழ்ச்சியில் ஒருவழி பேரிங் கைக்கு வந்தது. பார்த்துக்கொண்டிருப்பவர்கள் வியக்கும்படியாக ஒன்று செய்ய வேண்டும் என்று தோன்றியது. விரல் நுனி நிறைய நீலக் கிரீஸை எடுத்து, அந்தச் சிறு உருளைகள் கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை அப்பினார்.

"இங்க மட்டும் கஞ்சத்தனம் ஆகாது" என்றார்.

செயலாளர் அதையும் எழுதினார்.

எல்லாம் பூட்டி முடிந்தது. தட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. காதோரம் வைத்து மூன்று சுற்று; "ம்." கைதட்டல் எழுந்தது. செயலாளர் ரீலைத் தம் தூண்டில் கோலில் பொருத்தி, நரம்பு சுற்றி, பெருமையோடு பிடித்துக்கொண்டார். நெட்டை நரம்பின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு, "நான்தான் மீன். பிடிங்க பார்ப்போம்" என்று ஓர் இழுப்பு இழுத்தார்.

நிற்க வேண்டிய கைப்பிடி நிற்கவில்லை. பின்பக்கமாகக் கிறுகிறுவென்று சுழன்று செயலாளரின் விரல் முட்டிகளில் நான்கு அடி வைத்தது. செயலாளர் கோலை விட்டுவிட்டார். நெட்டை கையில் நரம்போடு பின்னால் போய்ப் படகுத் துடுப்புகளின் மேல் உட்கார்ந்தார். "மீன் தப்பிச்சிடுச்சு" என்றார் கீழே இருந்தபடியே.

சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆனது. அடங்கியதும் எல்லாக் கண்களும் ஓட்டுநர்மேல் திரும்பின. அந்தக் கண்களில் ஐயம் இல்லை. காரணத்தை அவர்தான் சொல்ல வேண்டும் என்ற காத்திருப்பு மட்டுமே இருந்தது. அதுதான் அவரைக் கெடுத்தது. யாராவது ஒருவர் சந்தேகப்பட்டிருந்தால் உண்மை வெளியே வந்திருக்கும்.

"ரீல்லயே கோளாறு" என்றார். "உள்ளே தேய்ஞ்சு போயிருக்கு. பழைய சரக்கு மாதிரி தெரியுது."

எல்லாக் கண்களும் இப்போது இஸ்திரிச் சட்டைமேல் போயின. கடைக்காரர் முன்னே வந்து ரீலைக் கையில் எடுத்தார். கைப்பிடியைப் பின்னால் சுற்றினார்; அது சுற்றியது. மறுபடி சுற்றினார்.

"கடையில நல்லாத்தான் நின்னுச்சு. செயலாளர் ஐயாவும் சுத்திப் பார்த்தார்" என்று மெதுவாகச் சொன்னார்.

"நின்ன மாதிரி இருந்துச்சு" என்றார் செயலாளர், முட்டிகளை ஊதிக்கொண்டே. "நம்ம சங்கத்துத் தூண்டில் போட்டிக்கு இன்னும் ஆறு பேர் ரீல் வாங்கணும். வர்ற ஞாயிறு கூடிப் பேசுவோம். இனிமே நகரத்துப் பெரிய கடைதான் சரின்னு படுது."

எல்லாரும் கலைந்த பிறகு கடைக்காரர் ஓட்டுநரிடம் வந்தார். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. இதை உங்க வீட்டுல வெச்சு இன்னொரு தடவை பாருங்களேன். உங்க கைக்கு அடங்காத ரீல் இல்லைன்னு சொல்லுவாங்க."

ஓட்டுநர் ரீலை வாங்கிக்கொண்டார். வீட்டுக்குப் போகும் வழி அன்று வழக்கத்தைவிட இரு மடங்கு நீண்டிருந்தது.

அம்மாள் ரீலை வாங்கிக்கொண்டார். தட்டை எடுத்து வைத்தார். பிரித்தார். ஒருவழி பேரிங்கைத் தனியே எடுத்து, ஒரு குச்சியால் அதிலிருந்து வழித்துத் தட்டின் வெள்ளை ஓரத்தில் தடவினார். நீலம் பளிச்சென்று தெரிந்தது.

"கம்பெனிக் கிரீஸ் வெள்ளை" என்றார். "இந்த உருளைங்க உலர்ந்து இருந்தாத்தான் கவ்வும். கிரீஸுல முக்கினா எப்படிக் கவ்வும்? அதைத்தான் நேத்துச் சொல்ல வந்தேன்."

"ஆமா" என்றார் ஓட்டுநர்.

"டப்பாவையும் தேடிட்டு இருந்தேன்."

அவர் பையிலிருந்து டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"உனக்கு எப்பலிருந்து தெரியும்?"

"ரெண்டு வருஷமா. உங்க நெட்டையோட சம்சாரம் எங்க ஆஸ்பத்திரி கேண்டீன்லதானே வேலை பார்க்குது. 'உங்க வீட்டுக்காரர் கைக்குத் தங்கக் காப்பு போடலாம்'னு சொல்லிச்சு. நான் போய் உங்க கையைப் பார்த்தேன். சட்டைப் பொத்தான் தைக்கத் தெரியாத கை." அம்மாள் சிரித்துவிட்டார். "போன வாரம் செயலாளர் உங்களைப் பிரிச்சுக் காட்டச் சொன்னதையும் அதுதான் சொல்லிச்சு. நாள் முழுக்க பஸ்ஸுல ஆயிரம் பேர்கிட்டத் திட்டு வாங்கறீங்க. ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் பெருமையா இருந்துட்டு வரட்டும்னு விட்டுட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன். எனக்கும் ஒரு நாள் ஆசையாத்தான் இருந்துச்சு. யாராவது என்கிட்ட வந்து, 'நல்லா இருக்கும்மா'ன்னு சொல்லமாட்டாங்களான்னு."

அம்மாள் கோபித்துக்கொண்டிருந்தால் ஓட்டுநர் தாங்கியிருப்பார்.

பேச்சு முன்னும் பின்னுமாக நகர்ந்து, கொட்டகையில் நடந்த அத்தனையும் வெளியே வந்தது. கடைக்காரர் பெயர் வந்ததும் அம்மாளின் கை நின்றது.

"என் பேரை நீங்க எடுத்துக்கிட்டது நம்ம வீட்டு விஷயம். நான் சிரிச்சுட்டுப் போவேன். அந்த மனுஷனுக்கு இருக்கறதே ஒரு கடைங்க."

உருளைகளை ஒவ்வொன்றாகக் கழுவி, உலர்த்தி, பெயருக்கு ஒரு துளி எண்ணெய் காட்டி மறுபடி பூட்டினார். கைப்பிடியைப் பின்னால் அழுத்தினார். பாறைபோல நின்றது.

"ரீலை நான் சரிபண்ணிட்டேன். மிச்சத்தை நீங்க பார்த்துக்கோங்க."

திங்கட்கிழமை பணி முடிந்து, சீருடையைக்கூட மாற்றாமல் ஓட்டுநர் கடைக்குப் போனார். அலமாரியில் அந்த வகை ரீல்கள் இருந்த இடம் காலியாகக் கிடந்தது. மூன்று பெட்டிகளும் கடைக்காரரின் மடியருகே திறந்து கிடந்தன.

"நேத்திலிருந்து மூணையும் சுத்திச் சுத்திப் பார்த்துட்டேன் அண்ணே. ஒண்ணும் புரியலை. நல்லாத்தான் நிக்குது."

ஓட்டுநர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கடைக்காரர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். பிறகு, "அப்ப ரீல்ல ஒண்ணும் இல்லை?" என்று மட்டும் கேட்டார்.

"ஒண்ணும் இல்லை. இப்பப் பாருங்க" என்று, சரிசெய்த ரீலை நீட்டினார் ஓட்டுநர்.

கடைக்காரர் கைப்பிடியை அழுத்திப் பார்த்தார். நெஞ்சிலிருந்து ஒரு பெரிய மூச்சு வெளியே வந்தது. "போதும் அண்ணே. எனக்கு இது போதும். நான் வெளியே சொல்லமாட்டேன். சரியாயிடுச்சுன்னு சொல்லிக்குவோம். உங்க பேர் எதுக்குப் போகணும்?"

நல்ல மனிதர் திறந்துவிட்ட வழி அது. நுழைந்து போய்விடலாம். ஓட்டுநர் அந்த வழியை ஒரு கணம் ஆசையோடு பார்க்கவும் செய்தார்.

"உங்க பேர் பதினொரு பேர் முன்னால போச்சு" என்றார். "பதினொரு பேர்கிட்டயும் திரும்பி வரணும். சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் இங்கதானே புழு வாங்க வருவாங்க?"

சனிக்கிழமை நான்கு மணிக்கே அவர் கடைக்குள் முக்காலி ஒன்றைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். முதலில் வந்தவர் தபால்காரர். ஓட்டுநர் எழுந்து நின்று தொடக்கத்திலிருந்து சொன்னார்: சிரித்த நாள், நான்கு ஆண்டுகள், நீலக் கிரீஸ், சொன்ன பொய். "உங்க ரீலைச் செஞ்சது எங்க வீட்டம்மா. இவர் கடைச் சரக்குல ஒரு குத்தமும் இல்லை. குத்தம் என் கிரீஸுல. அதைவிட என் வாயில." தபால்காரர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டுவிட்டு, புழு வாங்க மறந்து வெளியே போய், மறுபடி வந்தார்.

இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் அதே கதை, ஒரு வரி குறையாமல். நெட்டை கேட்டு முடித்ததும் ஓட்டுநரின் வலக்கையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து இருபுறமும் திருப்பிப் பார்த்தார்.

"இதையா எங்க வீட்டுக்காரி தங்கக் கைன்னு சொல்லிட்டுத் திரியறா?"

"அதை அவங்ககிட்டயும் போய்ச் சொல்லிடுங்க. யார் கைன்னு சேர்த்துச் சொல்லுங்க."

"சொல்றேன். அக்காகிட்ட என் பழைய ரீல் ரெண்டு பார்க்கச் சொல்லணும். இனிமே உங்ககிட்டக் கொடுத்தா திரும்பி வருமா?" சிரித்துக்கொண்டே கடைக்காரர் பக்கம் திரும்பினார். "எனக்கு அந்த வகையில ஒண்ணு எடுத்து வைங்க. அன்னிக்கு உங்களைச் சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சுக்கோங்க."

ஏழாமவர் போன பிறகு கடைக்காரருக்கே மனம் தாளவில்லை. "அண்ணே, தண்ணி குடிங்க. ஊர் முழுக்க இந்நேரம் தெரிஞ்சிருக்கும். மிச்சப் பேருக்கு அவங்களே சொல்லிக்குவாங்க."

"அவங்க சொன்னா அது வம்பு. நான்தான் சொல்லணும்." ஓட்டுநர் தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். சொல்லச் சொல்ல முகம் தெளிந்துகொண்டே வந்தது. எட்டு, ஒன்பது, பத்து என்று வந்து போனார்கள்.

ஆறு மணி ஆகும்போது செயலாளர் வந்தார். விரல் முட்டியில் இன்னும் ஒரு பிளாஸ்திரி இருந்தது. கையில் குறிப்பேடு இருந்தது. பெரிய கடையின் விலைப்பட்டியல் அதன் நடுவில் செருகியிருந்தது.

"என்னய்யா, எல்லாரும் ஒரு மாதிரி சிரிச்சுட்டே போறாங்க? என்ன நடக்குது இங்க?"

ஓட்டுநர் முக்காலியிலிருந்து எழுந்து அதைச் செயலாளருக்கு நகர்த்திப் போட்டார். சரிசெய்த ரீலை அவர் மடியில் வைத்தார். கடைக்காரரையும் பக்கத்தில் வந்து நிற்கும்படி கையைக் காட்டினார்.

"உட்காருங்கய்யா. குறிப்பேட்டைத் திறந்து வெச்சுக்கோங்க. போன வாரம் நான் சொன்னதுல ரெண்டு இடம் அடிச்சு எழுதணும். ஒண்ணு பேரிங். இன்னொண்ணு, சொல்லிக் கொடுத்தவர் பேர்னு மேல எழுதியிருப்பீங்களே, அது."

செயலாளர் பேனாவின் மூடியைக் கழற்றினார். ஓட்டுநர், அன்று பதினோராவது முறையாக, முதலிலிருந்து தொடங்கினார்.